செவத்துக்குப் பசியெடுத்த வருசம்

எங்க சாளைத்துறையில யாரு வயசக் கேட்டாலும், செவத்துக்குப் பசியெடுத்த வருசத்துக்கு முன்னாடி பொறந்தவனா பொறவு பொறந்தவனான்னுதான் திருப்பிக் கேப்போம். அதென்ன வருசம்னு வெளியூர்க்காரன் எவனாவது முழிச்சா, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சு, செவத்துல மட்டும் சாஞ்சிராதீங்கன்னு சொல்லிட்டு இப்பிடித்தான் ஆரம்பிப்போம்.

எங்க ஊரு வீடு ஒண்ணுகூட செங்கல்லுல கட்டுனது கெடையாது. செங்கலுக்கு நாங்க எங்க போக, சுத்தி உப்பும் மணலும். எங்க தாத்தனுவ வள்ளத்த எடுத்துக்கிட்டு பெரியபாருக்குப் போவானுவ. பார்னா கடலுக்கடியில காடு மாதிரி வளந்து கெடக்குற பவளப்பாறை. அதுல கடப்பாறைய விட்டு நெம்பி, கல்லு கல்லா ஒடச்சு ஏத்திக் கரைக்குக் கொண்டாந்து அடுக்குனா வீடு. அதுக்கும் ஒரு மொற உண்டு. கல்லு காயக் கூடாது. வள்ளம் கரையத் தொட்டதும் பொம்பளைக தலையில ஈரச்சாக்கப் போட்டு அதுமேல கல்லத் தூக்கி வச்சுக்கிட்டு, வழியில எவ கூப்பிட்டாலும் நிக்காம ஓடி, தண்ணி சொட்டச் சொட்ட செவத்துல பதிச்சிரணும். காஞ்ச கல்லு வச்ச வீட்டுல ஆம்பள தங்க மாட்டாம்பாவ. எங்க ஊரு ஆம்பளைக ஈரக்கல்லு வச்ச வீட்டுலயும் தங்குனதில்ல, அது வேற விசயம். பொறவு கல்லெடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, நாங்களும் நிப்பாட்டிட்டோம், அதாவது பகல்ல நிப்பாட்டிட்டோம்.

அந்த வருசம் கடலு கொதிச்சுது. கத வளக்கச் சொல்லல, பாசி எடுக்க இடுப்பளவு தண்ணியில நிக்குற எங்களுக்குத் தெரியாதா, காலு வச்சா வெந்நியில வச்ச மாதிரி இருக்கும், மீனெல்லாம் எங்கயோ சொந்தக்காரன் வீட்டுக்குப் போயிருச்சு. அந்த நேரத்துலதான் சுகிர்தா மேடம் வந்தாவ. கடலுக்கடியில பவளம் எது உசுரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு பாத்துச் சொல்லுற படிப்பாம். வெயிலுக்குப் பயந்து மொகத்துல வெள்ளையா ஒரு களிம்பப் பூசிக்கிட்டு வள்ளத்துல ஏறுனாவ, நாங்க கரையில நின்னு, "ஏட்டி, மாவுல பெரட்டுன நெத்திலி மாதிரி போறாவ பாரு"ன்னு சிரிச்சோம். தங்குனது என் வீட்டுல, ஏறுனது எங்க வீட்டு ஆளு ரெமிஜியுசு வள்ளத்துல. மேடம் கொண்டாந்த ரோபோ ஒண்ணு, மஞ்சப் பொட்டி, முன்னால ரெண்டு லைட்டு, பின்னால குட்டி குட்டி காத்தாடி, வால் மாதிரி நீளமா ஒரு வயரு. அதக் கடலுக்குள்ள எறக்கிட்டு மேடம் வள்ளத்துலயே உக்காந்து லேப்டாப்பப் பாத்து ஓட்டுவாவ. ஊருக்குள்ள வந்தா அதுக்கு ஒரு பேரு வைக்கணுமில்லா, பேத்தைன்னு வச்சோம், தொட்டா வயித்த ஊதிக்கிட்டு முழிக்குமே, அந்த மீனு பேரு.

பேத்தை போன எடமெல்லாம் சாம்பல். அத்தாம்பெரிய பாரு, மானு கொம்பு மாதிரியும் மூளை மாதிரியும் தட்டு மாதிரியும் வளந்து கெடந்தது, எல்லாம் வெளுத்து, பொறவு பாசி புடிச்சு, எழவு வீட்டு முற்றம் மாதிரி கெடக்கு. மேடம் சாயங்காலம் என் வீட்டுல உக்காந்து அந்தப் படத்தத் திரும்பத் திரும்பப் பாத்து மூக்க உறிஞ்சுவாவ. அதுக்கு மேல இன்னொரு படமும் வச்சிருந்தாவ, ஆகாசத்துல சுத்துற செயற்கைக்கோளு எடுக்குறது. அதுல உசுருள்ள பவளம் இருந்தா பச்ச, செத்திருந்தா சாம்பல். ஒரு நாளு அதப் பாத்துக்கிட்டே இருந்தவிய என்னக் கூப்பிட்டாவ.

"அக்கா, இது எந்த எடம்?"

"இதா? இந்தா மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குறது எங்க கோயிலு. இது தெரு. இந்தா, இது என் வீடு. ஏன் மேடம் ஊரு பூரா பச்சையாக் கெடக்கு, எவன் இங்க மரம் நட்டான்?"

"மரம் இல்லக்கா. பவளம். உயிரோட இருக்கு."

கேட்டதும் நான் செஞ்ச மொத வேல, அடுக்களைக் கதவ இழுத்துச் சாத்துனது.

ஏன்னா அடுக்களைச் செவரு கொஞ்ச நாளாவே சரியில்ல. பொழுது சாயுற நேரம் ஆச்சுன்னா செவத்துல பொட்டுப் பொட்டா கொத்தமல்லி வெதை அளவுக்கு வாய் தொறக்கும். ஒவ்வொரு வாயச் சுத்தியும் ரோசா நெறத்துல மீசை மாதிரி எந்திரிச்சு அசையும். மாவுத்தூசி, மீன்செதிலு, கொசு, எது பக்கத்துல போனாலும் புடிச்சு உள்ள இழுத்துக்கிட்டு மூடிரும். நான் பூஞ்சைன்னு நெனச்சேன். வெளிய சொன்னா இந்தச் செர்த்ரூது வீட்டுல சுத்தபத்தமே கெடையாதும்பாளுவளேன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். மேடம் அந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போகவும்தான் தெரிஞ்சுது, ஊருல அத்தன பொம்பளையும் இதே பயத்துல அவ அவ அடுக்களையச் சாத்திக்கிட்டு இருந்திருக்காளுவ. எதுத்த வீட்டுக்காரி மட்டும், "எங்க செவத்துல அப்பிடியெல்லாம் ஒண்ணும் கெடையாது மேடம்"னு சொல்லிக்கிட்டு இருக்கையிலயே அவ முந்தானைய செவரு புடிச்சு இழுத்துச்சு.

ரகசியம் ஒடைஞ்சதும் ஊருக்கே நிம்மதி. பொறவு செவரு அதிசயமா இல்ல, செவரு ஒரு வேலையாயிப் போச்சு. காலையில கடத்தண்ணி தெளிக்கணும், பொழுதுசாய எறாத்தோல இடிச்சுத் தூவணும். மாமியாளுக்குக் கஞ்சி ஊத்தச் சோம்புனவ செவத்துக்கு எறா பொடிச்சா. எவ வீட்டுச் செவரு நல்லாச் சாப்பிடுது, எவ வீட்டுச் செவரு பட்டினின்னு கொழாயடியில பேச்சு. தவசுகாலத்து வெள்ளிக்கெழமையில செவத்துக்குக் கறிச்சாறு தெளிக்கலாமான்னு பங்குச்சாமிகிட்டப் போய்க் கேட்டோம், அவிய தாடியத் தடவி ரொம்ப நேரம் யோசிச்சு, "செவரு ஞானஸ்நானம் வாங்கலயே, அதுக்கு என்ன ஒறுத்தல்"னு சொல்லிட்டாவ. ஊதாவும் மஞ்சளும் ரத்தச்செவப்புமா செவரு பூத்துச்சு, பூத்த செவரு தடிச்சுது, தடிச்ச செவரு உள்ள உள்ள வந்து வீடு ஒடுங்குச்சு, ஒடுங்குன வீட்டுல ரெண்டு பேரு எதிரும் புதிருமா நடந்தா ஒருத்தரு மூச்ச இழுத்துப் புடிக்கணும். சண்ட போட்டுக்கிட்டுப் பேசாம இருந்த புருசன் பொண்டாட்டியெல்லாம் வேற வழியில்லாம ராசியாயிட்டாவ.

சிரிக்கத்தான் செஞ்சோம். ஆனா பூனைக ஊரவிட்டுப் போயிருச்சு, அத யாரும் பேசல. பொழுது எறங்குற நேரம் அத்தன வாயும் ஒண்ணாத் தொறக்கையில ஒரு சத்தம் வரும், எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி, ஒரு வீட்டுலருந்து இல்ல, ஊரு முழுக்க, ஊரே ஒரு தாளிப்புச்சட்டி. கடலுக்குள்ள முங்குனவனுக்கு அந்தச் சத்தம் தெரியும், உசுருள்ள பாரு எப்பமும் அப்பிடித்தான் வெடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தச் சத்தம் வந்தா பேசிக்கிட்டு இருந்தவங்க பேச்ச நிறுத்திருவோம். ஏன் நிறுத்துதோம்னு எங்களுக்கே தெரியாது. அது என்னமோ எங்களத்தான் பேசுத மாதிரி இருக்கும்.

இதுல மாட்டுனது என் கூடப் பொறந்த அண்ணன் கஸ்பாரு.

அண்ணன் வீடு கரையில இருக்குற கடைசி வீடு. அந்தக் காலத்துல கல்லெடுத்தவன், கல்லு நின்னதும் காத்துக்கொழாயக் கடிச்சுக்கிட்டு சங்கு குளிக்கப் போனவன், ஒரு நாளு ஆழத்துலருந்து அவசரத்துல மேல ஏறிட்டான். அப்பிடி ஏறுனா ரத்தத்துல காத்து நொரைச்சிரும். இடது கையும் ரெண்டு காலும் செத்துப்போயி, செவத்த ஒட்டிக் கட்டில்ல விழுந்தவன்தான். அவனக் கட்டுன வியாகுலம் எனக்கு மயினி, ஆனா நானும் அவளும் ஒண்ணாப் பள்ளிக்கூடம் போயி ஒண்ணாவே படிப்ப நிறுத்துனவளுவ, அதனால மரியாதையெல்லாம் நாலு பேருக்கு முன்னாடி மட்டும். குளிப்பாட்டி, சோறூட்டி, பொரட்டிப் போட்டு, அந்த மனுசன ஒரு புண்ணு வராம வச்சிருந்தா. "என்ன மயினி, எங்க அண்ணன இப்பிடித் தாங்குத, சொத்து எதும் எழுதித் தந்துட்டானா"ன்னு கேப்பேன். "ஆமா, உன்னத்தான் எழுதித் தந்திருக்காவ, வந்து பாத்திரத்தக் கழுவு"ம்பா.

ஒரு சாயங்காலம், கடுகு வெடிக்கிற நேரம், அண்ணன் கத்துனான். "வலிக்கு!"

மயினி கரண்டியோட ஓடுனா. "எங்கங்க வலிக்கு?"

"கையில."

"எந்தக் கையில?"

அண்ணன் சிரிச்சான், அவன் சிரிச்சு எத்தனையோ வருசம். "செத்த கையில, வியாகுலம்."

மயினி அழுதுக்கிட்டே சிரிச்சு, சிரிச்சுக்கிட்டே கடைக்கு ஓடி, தெரு முழுக்கப் பூந்தி குடுத்தா. வலிக்குன்னு கத்துனதுக்கு இனிப்பு தின்ன ஊரு ஒலகத்துலயே எங்க ஊருதான். அண்ணன் எப்பமெல்லாம் "வலிக்கு"ன்னு கத்துதானோ அப்பமெல்லாம் அக்கம்பக்கத்துல இருக்குறவளுவ, "கேட்டியா, கஸ்பாருக்கு உணர்ச்சி வருது"ன்னு நெஞ்சுல செலுவ போட்டுக்கிடுவாளுவ.

மறுநாளு குளிப்பாட்டப் போகையில பாத்தா, கை செவத்தவிட்டு வரல. வெரலுக்கு மேல செவரு ஏறியிருந்துச்சு, மோதிரம் மாதிரி, பொறவு கையொறை மாதிரி, பொறவு தோள்பட்ட வரைக்கும் ரோசாவும் ஊதாவுமா. பிரிச்சு எடுக்கட்டுமான்னா, "வேணாம், நல்லாருக்கு"ங்கான். அங்க படுத்துக்கிட்டே கடலு பூராத்தையும் சொன்னான். "எவனோ நங்கூரம் போடுதான், என் முதுகுலயே போடுதான்"ம்பான், பாத்தா பாருக்கு மேல ஒரு வள்ளம் நிக்கும். "கெழக்க சாளைக்கூட்டம் போவுது"ம்பான், போனா வலை நெறஞ்சிரும். ஆம்பளைக காலையில வள்ளம் எறக்கும் முன்ன அண்ணன் கட்டிலுக்கிட்ட வரிசையில நிக்க ஆரம்பிச்சானுவ. எட்டிப் பாக்காத சொந்தமெல்லாம் கருப்பட்டியோட வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோசம், மயினியத் தவுர.

"ஏட்டி செர்த்து, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத. அவிய இப்பம் நான்னு சொல்ல மாட்டேங்காவ."

"பின்ன?"

"நாங்கங்காவ. எங்களுக்குச் சூடா இருக்கு, எங்களுக்குத் தண்ணி தெளிங்காவ. யாருங்க இந்த நாங்கன்னு கேட்டா, என்னையே பாக்காவ. அவிய கண்ணுதான், ஆனா கூட்டத்துலருந்து எட்டிப் பாக்குற மாதிரி பாக்காவட்டி."

நான் சிரிக்கத்தான் செஞ்சேன். வேற என்ன செய்ய.

இந்தப் பக்கம் பேத்தைக்கும் கிறுக்கு புடிச்சிருச்சு. மேடம் எந்தப் பக்கம் ஓட்டுனாலும் அது வயர இழுத்துக்கிட்டு கரையப் பாத்தே திரும்புது. "மேடம், இதுக்கும் வீட்டு ஞாவகம் வந்துட்டு போல"ன்னு ரெமிஜியுசு சொல்லுதாவ. பெரிய வெள்ளம் ஏறி கடத்தண்ணி தெருவுக்குள்ள வாற நாளு ஒண்ணு வந்துச்சு, அன்னைக்கு பேத்தை வள்ளத்துக்கடியில பூந்து, கரையத் தாண்டி, தெருத்தண்ணியில நீந்தி, நேரா அண்ணன் வீட்டு வாசப்படி ஏறி உள்ள போயி கட்டிலுக்கடியில நின்னு லைட்டப் போட்டுச்சு. பின்னாலயே மேடம் லேப்டாப்பத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, நான் அவிய பின்னால.

அந்த லேப்டாப்புல பேத்தை எதப் பாத்தாலும் அதச் சுத்தி ஒரு கட்டம் போடும். மீனுக்கு நீலம், செத்த கல்லுக்குச் சாம்பல், உசுருள்ள பவளத்துக்குப் பச்ச, எதுன்னு புரியாததுக்கு மஞ்ச. மயினி காலுக்கு மஞ்சக்கட்டம் போட்டுச்சு. செவத்துக்குப் பச்சக்கட்டம். அண்ணன் கைக்குப் பச்ச, தோளுக்குப் பச்ச, நெஞ்சுக்குப் பச்ச. மொகத்துக்கு மட்டும் மஞ்ச. நாங்க மூணு பேரும் பாத்துக்கிட்டு நிக்கையிலயே அந்த மஞ்சக்கட்டம் ஒரு தடவ சிமிட்டிட்டுப் பச்சையாயிருச்சு.

"மேடம்," மயினி கேட்டா, "உங்க பொட்டிக்கு எம்புருசன அடையாளம் தெரியலயா?"

"தெரியுதுக்கா," மேடம் சொன்னாவ. "அதான் பயமா இருக்கு."

அந்தப் பயம் ஆறுமுன்ன திருநாளு வந்துட்டு. எங்க ஊருல கோயிலுக்குக் கொடி ஏறும் முன்ன எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிச்சிரணும், அடிக்காத வீட்டு முன்னாடி மாதா சப்பரம் நிக்காது, அத மாதிரி கேவலம் வேற கெடையாது. இந்த வருசம் செவத்துக்கு வாய் இருக்கே, என்ன செய்யன்னு ஊரு கூடிப் பேசுச்சு. பேசி ஒரு முடிவுக்கு வந்தோம் பாருங்க, அப்பிடி ஒரு முடிவ எங்க ஊருக்காரனால மட்டும்தான் எடுக்க முடியும். வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு எது, பாருல ஒடச்ச கல்ல காளவாய்ல போட்டுச் சுட்டதுதான. அப்பம் சுண்ணாம்பும் செவரும் ஒரே வகையறா, ரத்த சொந்தம், பூசுனா சந்தோசப்படும்னு முடிவு பண்ணுனோம். கையத் தூக்குனதுல நானும் ஒருத்தி. மேடம் வேணாம் வேணாம்னு கத்துனாவ, "திருநாளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் மேடம், நீங்க பெந்தகோஸ்தா"ன்னு கேட்டு வாய அடச்சோம்.

ஒரே நேரத்துல ஊரு முழுக்க வாளியும் நார்மட்டையுமா எறங்குனோம். சுண்ணாம்பு பட்ட எடத்துல செவரு சுருங்குச்சு, பால் மாதிரி ஒண்ணு வழிஞ்சுது, ஊதாவும் ரோசாவும் கண்ணு முன்னாடி வெளுத்துப் போச்சு, வெளுத்ததுக்கு மேல நாங்க ரெண்டாங்கை அடிச்சோம். கடைசி வீட்டுலருந்து அண்ணன் கத்துனான். "வலிக்கு, வலிக்கு, ஐயோ வலிக்கு"ன்னு ஒரு வீடு விடாம, நாங்க எந்தச் செவத்தத் தொட்டாலும் கத்துனான். அவன் வலிக்குன்னு கத்துனா நல்ல சேதின்னு பழகிப்போன ஊரு இது. "கஸ்பாரு திருநாளுக்குள்ள எந்திரிச்சிருவான் பாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே அடிச்சோம். அவன் கொரலு கட்டிப்போயி நிக்கும்போது ஊரு வெள்ளையா நின்னுச்சு.

அன்னைக்குப் பொழுதுசாய ஒரு வாயும் தொறக்கல. கடுகு வெடிக்கல. ஊரு அம்புட்டு அமைதியா இருந்தத அதுக்கு முன்ன நாங்க கேட்டதேயில்ல. மேடம் படத்துல பச்ச எல்லாம் போயி, கரையோரத்துல மயினி வெள்ளையடிக்காம விட்ட ஒரே ஒரு வீடு மட்டும் பச்ச. யாரும் யாரு மொகத்தையும் பாக்கல. திருநாளுக்கு, வெள்ளையடிச்ச எல்லா வீட்டு முன்னாடியும் சப்பரம் மட்டும் நின்னு போச்சு.

திருநாளு முடிஞ்ச மறுநாளு காலையில மயினி என் வீட்டு வாசல்ல நின்னா. "மிச்சச் சுண்ணாம்பு இருக்கா?"

"எதுக்கு?"

"பூசுனா செவரு விடுதுல்லா? எனக்கு எம்புருசன் வேணும்."

நான் தடுக்கல. வாளியோட பின்னால போனேன், மேடமும் ஓடியாந்தாவ. அண்ணன் கட்டில்ல கெடந்தான், பாதி மனுசன், பாதி பூத்த செவரு.

"இந்தாங்க, கண்ண மூடிக்கிடுங்க," மயினி மட்டையச் சுண்ணாம்புல முக்குனா. "தெறிக்கும்."

"வேணாம் வியாகுலம்." கொரலு கொரகொரன்னு வந்துச்சு. "கடலு கொதிக்குதுன்னு வந்து ஒண்டுனதுக. அதுக வேற எங்க போவும்?"

"எங்கயும் போவட்டும். என் கட்டிலுக்கு வரவேணாம்."

"நான் இங்கதான இருக்கேன்."

"நீங்க இருக்கிய. நாங்கன்னு ஒருத்தன் இருக்கானே, அவன் யாரு? அவன நான் கட்டிக்கல."

அண்ணன் கண்ண மூடிக்கிட்டான். மயினி கட்டிலுக்கு ரொம்பத் தள்ளி வாசப்பக்கத்துலருந்து அடிக்க ஆரம்பிச்சா. அந்தமட்டுக்கு அவனுக்கு வலி தாமதமா வரட்டும்னு நெனச்சிருப்பா. ஆனா அண்ணன் கத்தல. ஏன்னா இந்தச் செவரு சுண்ணாம்புக்குக் காத்திருக்கல. மட்டை போறதுக்கு ஒரு மொழம் முன்னாலயே நெறம் எல்லாம் கெளம்பி ஓடுச்சு. வேட்டு போட்டா காக்கா பறக்குமே, அப்பிடி ஊதாவும் மஞ்சளும் செவப்பும் செவத்துக்குள்ள மெதந்து, நகந்து, ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு, அண்ணன் தோளப் பாத்துப் போச்சு. மயினி அடிச்சா, அது ஓடுச்சு, அவ அடிக்க அடிக்க அது ஓடுச்சு. கடைசிச் சாண் செவரு வெளுக்கும்போது அண்ணன் கையி தன்னால விட்டு, சொத்துன்னு கட்டில்ல விழுந்துச்சு. செவரு பூரா செத்த வெள்ள. அண்ணன் தோலுக்கடியில மட்டும், கழுத்துல, மாருல, கையில, ஏதோ நெறம் ஓடி ஓடி எடம் புடிச்சு அடங்குச்சு.

பொறவு அவன் எந்திரிச்சான். ரெண்டு கால்ல. எந்திரிச்சு, "வியாகுலம், சோறு இருக்கா?"ன்னு கேட்டான்.

மயினி அவன் காலக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. ஊரு தெரண்டு வந்துச்சு, பங்குச்சாமி நன்றிப் பூசை வச்சாவ, அண்ணன் முன்வரிசையில முட்டுப் போட்டான், முட்டு போட முடியாதவன் முட்டு போட்டத பாத்து கல்லு மனசுக்காரன்லாம் மூக்கச் சிந்துனான். பூசையில பாட்டு நிக்குற எடத்துல எல்லாம், மெல்ல, அவன் உக்காந்த பக்கத்துலருந்து கடுகு வெடிக்கிற சத்தம். பக்கத்துல இருந்தவனுவ ஒரு கை தள்ளி உக்காந்தானுவ. வேற ஒண்ணுமில்ல.

மேடம் அன்னைக்கு என் வீட்டுல செயற்கைக்கோளு படத்தத் தொறந்து வச்சுக்கிட்டு பேயடிச்ச மாதிரி உக்காந்திருந்தாவ. கடலு முழுக்கச் சாம்பல், ஊரு முழுக்கச் சாம்பல், அதுக்கு நடுவுல ஒரே ஒரு பச்சைப்புள்ளி. அடுத்த நாளு படத்துல அது கோயில்ல இருந்துச்சு. அதுக்கடுத்த நாளு டீக்கடையில. பொறவு மீன் ஏலம் போடுற எடத்துல. புள்ளி சோறு திங்க வீட்டுக்குப் போச்சு, புள்ளி சாயங்காலம் கடல்ல கழுத்தளவு தண்ணியில போயி ஒத்தையில நின்னுட்டுத் திரும்பி வந்துச்சு. நாங்க வீட்டுக்குள்ளருந்தே அண்ணன் எங்க இருக்கான்னு பாத்துக்கிடுவோம். எங்களுக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு.

மேடம் ஒரு நாளு மயினிகிட்டப் போய்ப் பேசிப் பாத்தாவ. கூட நான் இருந்தேன்.

"அக்கா, கோவப்படாதீங்க. பெரியபாருல மிச்சம் இருக்கது அவரு மட்டும்தான். இப்ப கடலு ஆறிருச்சு. அவரு அங்க போய் உக்காந்தா எல்லாம் திரும்ப வளரும்."

"உங்க பொட்டிய உக்கார வைங்க."

"பொட்டியில உயிர் இல்லயே அக்கா."

"எம்புருசன் உசுரு மட்டும் உங்களுக்கு எளக்காரமா? விடிஞ்சா பொழுதடைஞ்சா நான் பீயள்ளி வளத்த உசுரு மேடம் அது. அவிய எங்கயும் போவ மாட்டாவ."

மேடம் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டாவ. மயினியும் வைராக்கியக்காரிதான், சாயங்காலம் அவன் கடலுக்குப் போனா கரையில நின்னு, "போதும் வாங்க, குழம்பு ஆறுது"ன்னு சத்தம் போட்டு வரவழச்சிருவா. அவனும் வருவான். ஆனா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக் கூப்பிட வேண்டியிருக்குன்னு எங்கிட்ட மட்டும் சொன்னா. பக்கத்துல படுத்தா ஒடம்பு ஈரமா இருக்காம், தலவாணியில மணலா. தூங்கும்போது அவன் உள்ளங்கையி தொறந்து தொறந்து மூடுதாம். "விட்டுட்டு எந்திரிச்சா போயிருவாவளோன்னு பயமாருக்குட்டி. அதான் கையப் புடிச்சுக்கிட்டே தூங்குதேன்"ன்னா. "ஆமா, இந்த வயசுல உங்களுக்கு அது வேற"ன்னு நான் கிண்டல் பண்ணுனேன்.

பொறவு ஒரு நாளு காலையில, பாசிச் சாக்கத் தூக்கிக்கிட்டு நான் கரைக்குப் போறேன், எதுத்தாப்புல ரெண்டு பேரும் வாராவ. நடுத்தெருவுல, பட்டப்பகல்ல, கையக் கோத்துக்கிட்டு. எங்க ஊருல கல்யாணத்தன்னைக்குக் கூட எவனும் பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டுத் தெருவுல நடந்தது கெடையாது. வாசல்ல நின்னவளுவ எல்லாம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிக்காளுவ. எனக்கு இத விட்டா வேற என்ன வேணும்.

"யம்மா மயினி! புதுமாப்பிள்ளையும் பொண்ணும் எங்க கெளம்பிட்டிய? வெக்கமே இல்லாம இப்பிடிப் புடிச்சுக்கிட்டு வாரிய, ஓடியா போயிருவான் எங்க அண்ணன்?"

மயினி நின்னா. அண்ணனும் நின்னான், அவன் கண்ணு கடலப் பாத்து இருந்துச்சு.

"நான் புடிக்கலட்டி," மயினி மெதுவாச் சொன்னா. "வரமாட்டேங்கு."

குனிஞ்சு பாத்தேன். அவ வெரலு எது, அவன் வெரலு எதுன்னு இல்ல. ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல ஒரே கொத்து, ரோசா நெறம், அந்த வெயில்லயும் பொட்டுப் பொட்டா வாயத் தொறந்து மூடிக்கிட்டு இருக்கு.

என் சாக்கு கீழ விழுந்துட்டு. "மயினி, வீட்டுல சுண்ணாம்பு இருக்கு, ஒரு வாளி. இப்பம் ஓடிப்போயி எடுத்தாந்திருதேன், நீ இங்கனயே நில்லு."

"வேணாம்."

"கிறுக்கியா நீ? கொஞ்சந்தான் ஏறியிருக்கு, தொட்டாப் போதும், விட்டுரும்."

"விட்டுருமுல்லா," மயினி சொன்னா. "விட்டா அவிய தனியாப் போயிருவாவட்டி."

அதுக்கு மேல அண்ணன் நிக்கல, நடந்தான். அவளும் நடந்தா. வாசல்ல சிரிச்சுக்கிட்டு நின்னவளுவ சிரிப்ப எங்க வைக்கன்னு தெரியாம வாயிலயே வச்சுக்கிட்டு நின்னாளுவ. நான் பின்னால போனேன், கூப்பிட்டேன், அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், மயினின்னு கூப்பிடல. ரெண்டு பேரும் மணலத் தாண்டி, கட்டிப் போட்டிருந்த வள்ளத்தச் சுத்தி, ஈரக்கரைக்குப் போனாவ. மொத அலை வந்து காலத் தொட்டப்பம் அண்ணன் நிக்காமப் போனான்.

மயினி மட்டும் ஒரு வினாடி நின்னா. மிச்சம் இருக்குற ஒத்தக் கையால சேலைக் கொசுவத்தத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டா, நனைஞ்சிரும்னு.